நாக்கீன் வளைவில் ஒரு கேட்

இதுவரை எந்தச் சாம்ராஜ்யமும் பால் கேனோடு மோதியதில்லை, பால் கேனால் வீழ்ந்ததும் இல்லை. ஆனால் பிரிட்டிஷ் சாம்ராஜ்யம் நாக்கீன் வளைவில் வீழும், அதுவும் வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குள்.

ஃப்ளரி க்ரோனின் இதைச் சிரிக்காமல் சொன்னான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தொன்று, ஏப்ரல், ஒரு திங்கட்கிழமைக் காலை. பால் சொசைட்டி முற்றத்தில் பதினொரு கழுதை வண்டிகள் எடை மேடைக்காக வரிசையில் நின்றன. தான் சொல்வது எல்லோருக்கும் கேட்க வேண்டும் என்பதற்காக அவன் கொஞ்சம் உயரமான இடமாகப் பார்த்து ஏறிக்கொண்டிருந்தான். அது ஒரு கவிழ்த்து வைத்த பால் கேன்.

யாரும் கை தட்டவில்லை. பேட் ஹர்லி மட்டும் பைப்பை வாயிலிருந்து எடுத்தார். அவருக்கு ஏழு மாடு, ஒரு குதிரை, வண்டிக்கு ஒரு கழுதை. ஊரில் அவசரப்பட்டு யாரும் பார்த்திராத ஒரே மனிதர்.

"எறங்கு ராசா. அந்தக் கேன் என்னுது," என்றார்.

ஃப்ளரிக்கு இருபத்திரண்டு வயது. கார்க் நகரத்துக் காலேஜில் பொறியியல் ஒன்றரை வருடம் படித்துவிட்டு, நாட்டுக்கு இஞ்சினியரைவிட வீரன்தான் தேவை என்று முடிவு செய்து ஊர் திரும்பியவன். விடுதலைப் படையின் நாக்கீன் கம்பெனியில் லெப்டினன்ட். இடுப்பில் பெல்ட் வைத்த மழைக்கோட்டு, முழங்கால் வரை தோல் பட்டை, சுவரில் மாட்டிய ஒரு வேட்டைத் துப்பாக்கி எல்லாம் இருந்தன. தோட்டாதான் இல்லை. மலைமேல், ஓரிடத்தில் தங்காமல் சுற்றித் தாக்குகிற பறக்கும் படை இருந்தது. அதில் முப்பது பேருக்கு முப்பது ரைஃபிள். முப்பத்தொன்றாவது ஆளாகச் சேர அவன் ஆறு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தான்.

பதில் முந்தைய நாள்தான் கிடைத்தது. பறக்கும் படையின் தளபதி மொரோனி, ஹனோரா டூமி என்கிற விதவையின் வீட்டில் காலைச் சாப்பாடு சாப்பிட வந்திருந்தார். நான்கு முட்டை சாப்பிட்டார். ஐந்தாவதை உடைத்தபடி, அடுத்த ஞாயிறு வரை ஒரு பட்டாள லாரி கூட நாக்கீன் வளைவைத் தாண்டக் கூடாது, தாண்டாமல் பார்த்துக்கொண்டால் உனக்கு ஒரு ரைஃபிள் உண்டு, தாண்டினால் ரைஃபிள் பேச்சை இனி எடுக்கக் கூடாது என்றார். அடிபட்ட இருவர் மலையில் கிடந்தார்கள். அவர்கள் எழுந்து நடக்க அவருக்கு ஒரு வாரம் வேண்டியிருந்தது. ஃப்ளரியின் காதில் ரைஃபிள் என்ற சொல் மட்டும் விழுந்தது.

கேனிலிருந்து இறங்கி, டப்ளின் தலைமையகத்திலிருந்து டைப் அடித்து வந்த கட்டளையை எல்லோருக்கும் படித்துக் காட்டினான். நாக்கீன் வளைவில் சாலைக்குக் குறுக்கே ஒரு டிச் அமைக்க வேண்டும். ஆறடி. இன்று மாலையே தொடங்க வேண்டும். அவ்வளவுதான் கட்டளை. அதோடு, பால் கறப்பதும் வெண்ணெய் எடுப்பதும் யுத்தமல்ல, இந்த ஊர் ஒரு வாரம் மாட்டை மறந்தால்தான் நாடு உருப்படும் என்று தன் கருத்தையும் சேர்த்தான். ஹனோரா டூமியின் வண்டியைக் காட்டி, நாலு மாடு வைத்திருக்கிறவருக்கு மூன்று கேன் எதற்கு, பெருமைக்குத்தானே, என்று கேட்டான். ஹனோரா தன் மூன்றாவது கேனின் மூடியை ஒருமுறை அழுத்திப் பார்த்துக்கொண்டார். நாற்பத்தைந்து வயது, உயரமான பெண்மணி. கணவர் இறந்த பிறகு பண்ணையை ஒற்றை ஆளாக நடத்துகிறவர்.

பிரிகேட் கூட்டத்துக்காக ஃப்ளரி சைக்கிளில் கிளம்பிப் போனான். இரண்டு நாள் கூட்டம். அதில் யாரும் எதையும் முடிவு செய்யவில்லை. புதன்கிழமைக் காலை ஊர் திரும்பினான்.

நாக்கீன் வளைவுக்கு வந்ததும் சைக்கிளிலிருந்து இறங்காமலேயே நின்றான், அதாவது விழுந்தான்.

சாலைக்குக் குறுக்கே ஆறடி உயரத்தில் ஒரு மண்கரை நின்றது. முகப்புக்குக் கல் அடுக்கி, நடுவில் மண் இறுக்கி, மேலே புல்பத்தை போர்த்தி, அதற்கும் மேலே ஃபர்ஸ் முட்புதரைப் பெயர்த்துவந்து நட்டிருந்தார்கள். புதர் மஞ்சளாகப் பூத்திருந்தது. நூறு வருடமாக அங்கேயே இருப்பது போல இருந்தது. பேட் ஹர்லி ஒரு கல்லைத் தட்டி உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார்.

"இது என்ன?" என்றான் ஃப்ளரி.

"டிச்சு."

"டிச்சா?"

"ஆறடி டிச்சு. நீதானே படிச்ச."

அந்தப் பக்கத்தில் டிச் என்றால் வயலைச் சுற்றி எழுப்புகிற மண்கரை. அப்பன் காலத்திலும் அதுதான், பாட்டன் காலத்திலும் அதுதான். டப்ளினில் டைப் அடித்தவருக்கு டிச் என்றால் பள்ளம். ஃப்ளரி இதே ஊரில் பிறந்து, இந்த டிச்சுகள் மேல் ஏறி விழுந்து வளர்ந்தவன். ஒன்றரை வருடக் காலேஜில் அந்த ஒரு சொல் மட்டும் அவன் தலைக்குள் தலைகீழாகத் திரும்பிவிட்டிருந்தது. பொறியியலில் அவன் முழுசாகக் கற்றுக்கொண்டது அது ஒன்றைத்தான்.

பள்ளம், பள்ளம், லாரி விழுகிற பள்ளம் என்று அவன் விளக்கினான். பேட் பொறுமையாகக் கேட்டார். பள்ளமும் இருக்கிறதே என்றார். கரைக்கு மண் வேண்டாமா? கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். அருமையான பள்ளம். ஆறடி அகலம், ஐந்தடி ஆழம், சுவர்கள் செங்குத்து. பேட்டின் உருளைக்கிழங்கு வயலுக்கு நடுவில் இருந்தது. இதுவரை எந்த லாரியும் அந்தப் பக்கம் போனதில்லை.

"இதைச் சாலையில தோண்டியிருக்கலாமே."

"சாலையில ஒரு முழத்துக்குக் கீழ பாறை. அங்க எவனாவது தோண்டுவானா?"

"அதை ஏன் திங்கக்கெழமையே சொல்லல?"

"நீ கேன் மேல நின்னு பேசிக்கிட்டிருந்த."

ஃப்ளரி திரும்பிக் கரையைப் பார்த்தான். அப்போதுதான் அதைவிடப் பெரிய அக்கிரமம் கண்ணில் பட்டது. கரையின் நடுவில் நாலடி அகலத்துக்கு இடைவெளி விட்டு, அதில் ஒரு மரக் கேட் வைத்திருந்தார்கள். பச்சைப் பெயிண்ட் அடித்த கேட். டூமி வீட்டுத் தோட்டத்திலிருந்து கழற்றி வந்தது.

அவன் கேட்டை ஒரு முறை ஆட்டிப் பார்த்தான். ஒரு பேரரசுக்கு எதிராகச் சாலையை மூடச் சொன்னால் அதில் கேட் வைத்த ஒரே இனம் உலகத்தில் நாம்தான் என்றான். பால் வண்டி போக வேண்டாமா என்றார் பேட். கழுதை வண்டிக்கு நாலடி போதும், லாரிக்குப் போதாது, அளந்துதான் வைத்தோம்.

"அப்ப அவன் வந்து என்ன பண்ணுவான்?" என்றான் ஃப்ளரி. "பட்டாளத்துக்காரன் லாரியிலேர்ந்து எறங்கி, கேட்டைத் தெறந்து, உள்ள வந்து, நம்மளச் சுட்டுட்டு, போறப்ப மறக்காம கேட்டைச் சாத்திட்டுப் போவானா?"

பேட் இதை நிஜமான கேள்வியாகவே எடுத்துக்கொண்டு யோசித்தார்.

"சாத்த மாட்டான். டவுன் ஆளுங்களுக்கு அந்தப் பழக்கம் இல்ல."

அந்தப் பழக்கம்தான் ஃப்ளரிக்குப் பிடிக்காத பழக்கம். நாக்கீனில் ஒரு கேட்டைத் திறந்தவன் சாத்தாமல் போனால் அது கொலைக்கு ஒரு படிதான் கீழே. கல்யாண ஊர்வலமானாலும் பிண ஊர்வலமானாலும் கடைசியில் வருகிறவர் நின்று கேட்டைச் சாத்திவிட்டுத்தான் வருவார். இது மாட்டுக்காரப் புத்தி, எழுநூறு வருடம் அடிமையாகக் கிடந்த புத்தி, நாடு எரியும்போதும் மாடு வழி தவறிவிடுமோ என்று பார்க்கிற புத்தி என்று அவன் பேட்டிடம் சொன்னான். நான் சாத்தப் போவதில்லை, குடியரசின் அதிகாரி மாட்டுக் கேட்டைச் சாத்திக்கொண்டிருக்க முடியாது என்றும் சொன்னான். அவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனதும் பேட் பின்னாலேயே வந்து கேட்டைச் சாத்திக் கொக்கியை மாட்டினார்.

அன்று பிற்பகலே லாரிகள் வந்தன.

ஃப்ளரி பேட்டின் மாட்டுக் கொட்டகைச் சுவர் இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தான். இரண்டு லாரி. வளைவில் இடப்பக்கம், சதுப்பு நிலத்துக்குப் போகிற ஒரு வண்டிப் பாதை உண்டு. அடுப்பில் விறகுக்குப் பதிலாக எரிக்கிற சதுப்பு மண்கட்டியை வெட்டுகிறவர்கள் போகிற பாதை. கரை எழும்பிய பிறகு, டவுன் பக்கத்திலிருந்து வருகிறவன் கண்ணுக்குச் சாலை இயல்பாக அந்தப் பாதையில் வளைந்து போவது போலவும், நேரே யாரோ ஒருவருடைய பண்ணை இருப்பது போலவும் தெரிந்தது. மஞ்சள் பூவும் பச்சைக் கேட்டும் அவ்வளவு சாதுவாக இருந்தன. முன் லாரி வேகம்கூடக் குறைக்கவில்லை. இடப்பக்கம் திரும்பியது. கால் மைல் போய், முன் சக்கரம் இரண்டும் அச்சு வரை சதுப்பில் இறங்க, நின்றது.

எதிரி அசையாமல் கிடக்கிறான், முப்பது ரைஃபிள் இருந்தால் என்னவெல்லாம் செய்யலாம் என்று நினைத்து முடிப்பதற்குள், பேட் ஹர்லி தன் குதிரையைக் கயிறோடு ஓட்டிக்கொண்டு லாரியை நோக்கி நடப்பது தெரிந்தது. பின்னால் இன்னும் நாலு பேர், பலகைகளோடு.

மாலை வரை இழுத்தார்கள். சிப்பாய்கள் ஒரு பக்கம், நாக்கீன்காரர்கள் ஒரு பக்கம். சேறு அப்பிய சார்ஜண்ட் பேட்டுக்கு ஒரு சிகரெட் கொடுத்தார், நன்றியும் சொன்னார். லாரிகள் வந்த வழியே திரும்பிப் போயின.

ஃப்ளரி கேட்டுக்குப் பக்கத்தில் காத்திருந்தான். எதிரியை எதற்குக் காப்பாற்றினீர்கள் என்றான்.

"அவன் நின்ன எடம் எங்க மண்கட்டி வெட்டுற எடம். அடுத்த வாரம் வெட்டணும்."

"அதுக்காக?"

"லாரியை அங்கயே வச்சுக்கிட்டு என்ன பண்றது?" பேட் சிகரெட்டை முகர்ந்து பார்த்துவிட்டுக் காதில் செருகினார். "தாண்டக் கூடாதுன்னாங்க. தாண்டலையே."

அது உண்மை. அதனால்தான் அவனுக்கு அவ்வளவு எரிச்சல். ஒரு குண்டு வெடிக்கவில்லை, ஒரு துளி ரத்தம் இல்லை, எதிரி நன்றி சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். இப்படி ஒரு வாரம் முழுக்கப் போனால் ரைஃபிள் கிடைக்கும். ஆனால் எப்படி வாங்கினாய் என்று பறக்கும் படையில் யாராவது கேட்டால்? பச்சைக் கேட்டைச் சாத்தி வைத்து வாங்கினேன் என்றா? வியாழக்கிழமை வீடு வீடாகப் போய் ஒரு நிஜமான பள்ளம் தோண்ட ஆள் கேட்டான். ஒருவருக்கு உருளைக்கிழங்கு நடவு. ஒருவருக்குப் பசு கன்று போடும் நேரம். ஹனோரா மாவு பிசைந்துகொண்டிருந்தார். ஒருத்தர் வீட்டுக்கு எதற்கு இவ்வளவு மாவு என்று தோன்றியது, கேட்கவில்லை; அவன் கேட்க வந்தது வேறு.

"பாறை மகனே," என்றார் ஹனோரா. "டீ குடிக்கிறியா?"

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குப் பதினொரு வண்டிகளும் வழக்கம் போலக் கேட்டைத் தாண்டி சொசைட்டிக்குப் போயின. கடைசியில் போன ஹனோரா இறங்கிச் சாத்தினார். எட்டு மணிக்கு ஃப்ளரி வந்தான். ஒரு தோளில் மண்வெட்டி, ஒரு தோளில் கடப்பாரை. வெயில் இருந்ததால் கோட்டும் தோல் பட்டையும் வீட்டில் இருந்தன. தனியாகவே தோண்டுவது என்று முடிவு செய்திருந்தான். கொக்கியைக் கடப்பாரை முனையால் தட்டிவிட்டு, கேட்டைக் காலால் தள்ளித் திறந்து டவுன் பக்கம் போனான். இரண்டு கையும் பொருளால் நிறைந்திருந்தன, மனம் கொள்கையால் நிறைந்திருந்தது. கேட் அவனுக்குப் பின்னால் மெதுவாக ஆடி, அகலத் திறந்து நின்றது.

கரைக்குப் பத்தடி முன்னால், ஓடைக்கு மேலே இருக்கும் சின்னக் கல்பாலத்தின் ஓரமாகத் தோண்டத் தொடங்கினான். ஒரு முழத்தில் பாறை வந்தது. கடப்பாரையைப் போட்டான். பாறை அதை அவனிடமே திருப்பி அனுப்பியது. முழங்கால் ஆழக் குழிக்குள் நின்று மூன்றாவது முறை ஓங்கியபோதுதான் லாரிச் சத்தம் கேட்டது. ஓட வயல்வெளியைத் தவிர வேறு இடம் இல்லை. வயல்வெளியில் ஓடுகிறவனை அவர்கள் சுடுவார்கள்.

அதே இரண்டு லாரி, அதே சார்ஜண்ட். இந்த முறை இடப்பக்கம் திரும்பவில்லை. திறந்த கேட்டுக்கு அப்பால் சாலை வெள்ளை வெளேரென்று நேராகப் போனது. நடுவில் பதினொரு வண்டிச் சக்கரத் தடம். சார்ஜண்ட் அதைப் பார்த்தார். மஞ்சள் பூவைப் பார்த்தார். தன் பூட்ஸில் காய்ந்திருந்த சதுப்புச் சேற்றைப் பார்த்தார். கடைசியாகக் குழிக்குள் நின்றவனைப் பார்த்தார்.

"என்ன தோண்டற?"

சாலை தோண்டுகையில் பிடிபட்டால் என்ன நடக்கும் என்று ஊருக்கே தெரியும். போன மாதம் பக்கத்து ஊரில் ஒருவனைச் சுவரோரம் நிறுத்தினார்கள். இப்படி ஒரு நேரத்துக்காக ஃப்ளரி காலேஜ் நாளிலிருந்து மூன்று சொற்பொழிவு தயாரித்து வைத்திருந்தான். ஒன்றில் தூக்கில் போடப்பட்ட பழைய வீரர் ராபர்ட் எம்மெட் வருவார், ஒன்றில் ரோமாபுரி வரும். வாய் திறந்தது. எதுவும் வரவில்லை.

அந்த நேரம் சொசைட்டியிலிருந்து வண்டிகள் திரும்பி வந்து லாரிகளுக்குப் பின்னால் ஒவ்வொன்றாக நின்றன. வெண்ணெய் எடுத்த பால் கன்றுக்கும் பன்றிக்கும் வேண்டும் என்பதால் கேன்கள் நிறைந்தே திரும்பும். ஹனோரா டூமி இன்று முதல் வண்டியில் இருந்தார். இறங்கி, ஓடை ஓரமாகக் கொஞ்ச நேரம் குனிந்து ஏதோ செய்துவிட்டு, கையைத் துடைத்தபடி லாரிகளைத் தாண்டி நடந்து வந்தார்.

"அவனை விட்டுடுங்க ஐயா," என்றார் சார்ஜண்டிடம். "சித்தம் சரியில்லாத புள்ள."

"எதுக்குத் தோண்டறான்?"

"நாங்க கேக்கறதே இல்ல. காலேஜுக்கு அனுப்புனாங்க. ஒன்றரை வருஷம். திரும்பி வந்ததுலேர்ந்து இப்படித்தான். எங்கயாவது நின்னு தோண்டுவான். ஆறடிம்பான்." அவர் பெருமூச்சு விட்டார். அதில் நடிப்பு குறைவாகவே இருந்தது. "கேன் மேல ஏறி நின்னு பேசவும் செய்வான்."

சார்ஜண்ட் பேட்டைப் பார்த்தார். பேட் தொப்பியைக் கழற்றினார். "திங்கக்கெழமைகூடப் பேசினான் ஐயா. என் கேன்தான்."

வரிசையில் நின்ற பத்துப் பேரும் ஆளுக்கொரு மாதிரி தலையசைத்தார்கள். சார்ஜண்ட் உடனே நம்பியது ஃப்ளரிக்கு வலித்தது. சொந்த ஊர்க்காரர்கள் இவ்வளவு சுலபமாக, ஒத்திகையே இல்லாமல், ஒரே குரலில் சொன்னது இன்னும் வலித்தது.

அப்போதுதான் ஓடையில் ஒரு ரொட்டி மிதந்து வந்தது.

உருண்டையான சோடா ரொட்டி, நடுவில் சிலுவைக் கீறல். பாலத்துக்கு அடியிலிருந்து மெதுவாக வெளியே வந்து, ஒரு கல்லில் தட்டி, திரும்பி, ஃப்ளரியின் கண்ணெதிரே நிதானமாகப் போனது. பின்னால் இரண்டாவது. அதற்குப் பின்னால் மூன்றாவதும் ஒரு பன்றி இறைச்சித் துண்டும். மூன்றாவது கேன் எதற்கு, நேற்று அவ்வளவு மாவு எதற்கு, மலைமேல் முப்பது பேர் மூன்று வாரமாக எதைத் தின்று உயிரோடிருக்கிறார்கள் என்ற கேள்விகள் எல்லாம் அவனுக்கு ஒரே சமயத்தில் வந்து, ஒரே சமயத்தில் தீர்ந்தன. ஹனோரா பிசைந்த மாவு சொசைட்டிக்காரர் வீட்டு அடுப்பில் ரொட்டியாகி, அவர் வீட்டு இறைச்சியோடு சேர்ந்து, மூன்றாவது கேனில் தினமும் அந்தக் கேட் வழியாகத்தான் திரும்பி வந்து மலையேறிக்கொண்டிருந்தது.

பாலச் சுவரில் சாய்ந்திருந்த ஒரு சின்ன வயதுச் சிப்பாய், தண்ணீரில் எச்சில் துப்பத் திரும்பினான்.

ஃப்ளரி க்ரோனின், நாக்கீன் கம்பெனி லெப்டினன்ட், மண்வெட்டியைத் தூக்கித் தோளில் வைத்து, நெஞ்சை நிமிர்த்தி, முன் லாரிக்கு ஒரு சல்யூட் அடித்தான். பிறகு குழியிலிருந்து ஏறி, இடது வலது போட்டு லாரியைச் சுற்றி வந்து, அதன் விளக்குக்கு ஒரு சல்யூட் அடித்தான். சிப்பாய் துப்ப மறந்து சிரித்தான். எல்லோரும் சிரித்தார்கள். ஒன்பது ரொட்டி போகும் வரை அவன் அணிவகுப்பு நடத்தினான். விடுதலைப் போரில் அவன் செய்த முதல் ராணுவச் செயல் அதுதான்.

அதற்குப் பிறகு நடந்தது அவ்வளவு வேடிக்கையாக இல்லை. புதன்கிழமை ஏமாந்ததை சார்ஜண்ட் மறக்கவில்லை. சிப்பாய்கள் வண்டி வண்டியாகப் போய்க் கேன்களை உதைத்துக் கவிழ்த்தார்கள். சாலை முழுக்க வெள்ளை. பதினொரு வீட்டுக் கன்றுகளுக்கான பால் கல் இடுக்கில் இறங்கிப் போயிற்று. எந்தச் சாம்ராஜ்யமும் பால் கேனோடு மோதியதில்லை என்று ஃப்ளரி இனிமேல் சொல்ல முடியாது. பிறகு ஆளுக்கொரு மண்வெட்டியைக் கொடுத்துக் கரையை இடிக்கச் சொன்னார்கள். பைத்தியத்திடம் ஏற்கெனவே ஒன்று இருந்ததால் அவனை முதலில் நிறுத்தினார்கள். நாலு மணி நேரம். அவன் தோண்டிய குழியையும் அவனே மூடினான். அது பத்து நிமிடம்.

இரண்டு லாரியும் வளைவைத் தாண்டின. ஊருக்குள் போய்த் தேடினார்கள், எதுவும் கிடைக்கவில்லை. திரும்பும்போது பேட்டின் குதிரையைப் பின்னால் கட்டிக்கொண்டு போனார்கள். புதன்கிழமை அவர்களைச் சேற்றிலிருந்து இழுத்த அதே குதிரை. பேட் அது வளைவில் மறையும் வரை பார்த்துக்கொண்டு நின்றார். கேட்டை யார் திறந்துவிட்டது என்று அவர் கேட்கவில்லை. ஹனோரா கேட்கவில்லை. யாருமே கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஃப்ளரிக்குப் பதில் சொல்ல ஒரு வாய்ப்பாவது இருந்திருக்கும்.

சனிக்கிழமை மலையிலிருந்து ஒரு துண்டுக் காகிதம் வந்தது. வெண்ணெய் சுற்றுகிற காகிதம். ஹனோரா அடுப்புக்குப் பக்கத்தில் நின்று படித்தார். ஃப்ளரி கோட்டும் தோல் பட்டையும் போட்டுக்கொண்டு வந்து, விறைப்பாக நின்று கேட்டான்.

"நேற்று ரொட்டி வரவில்லை," என்று படித்தார் ஹனோரா. "லாரி ஊருக்குள் வந்ததால் அடிபட்டவர்களைத் தூக்கிக்கொண்டு இரண்டு மலை தாண்ட வேண்டியதாயிற்று. லெப்டினன்ட் க்ரோனின் ஊரிலேயே இருக்கட்டும். கேட்டைச் சாத்தச் சொல்லவும்."

"வேற ஒண்ணும் இல்லையா?"

அவர் காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார். "மறுபக்கம் வெண்ணெய்."

அவன் கோட்டை வீட்டில் ஆணியில் மாட்டினான். அன்று இரவு உணவுக்கு உட்கார்ந்தும் அவனால் ரொட்டியைத் தொட முடியவில்லை. உருளைக்கிழங்கு மட்டும் சாப்பிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஊர் மறுபடியும் வளைவில் கூடியது. அதே கல், அதே மண். ஃபர்ஸ் புதர் மட்டும் வாடியிருந்ததால் புதிதாகப் பெயர்த்து வந்தார்கள். ஃப்ளரி மண்வெட்டியோடு வந்து, வரிசையின் கடைசியில், யாரும் சொல்லாமலே கல் எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தான். இனி இந்தக் கரை யாரையும் ஏமாற்றாது, மறுபடி வந்து மறுபடி இடிக்கச் சொல்வார்களே என்று ஒரு பெண் கேட்டாள்.

"அவங்க இடிக்க நாலு மணி நேரம்," என்றார் பேட். "நாம கட்ட மூணு."

அந்த ஒரு மணி நேர வித்தியாசத்தில் சாம்ராஜ்யம் விழுந்துவிடுமா என்று போன வாரத்து ஃப்ளரி கேட்டிருப்பான். அவன் கீழே கிடந்த கொக்கியை எடுத்து, மண்ணைத் துடைத்துப் பேட்டிடம் நீட்டினான். பேட் அவனையும் கொக்கியையும் பார்த்தார்.

"ஒன் கழுதையை மத்தியானம் குடுக்கிறியா? நடவு பாக்கி கெடக்கு. குதிரை இல்ல, என் கழுதை தனியா இழுக்காது."

"குடுக்கறேன்," என்றான் ஃப்ளரி. அந்த வாரத்தில் அவன் சொன்ன பதில்களிலேயே சின்னது அது.

திங்கட்கிழமை காலை ஃப்ளரியின் அப்பா தனக்கு முழங்கால் வலி என்று சொன்னார். போன திங்கட்கிழமையும் அதே வலிதான், அன்று யாரும் காதில் வாங்கவில்லை. ஃப்ளரி பால் கேன் இரண்டையும் வண்டியில் ஏற்றினான். கழுதையின் பெயர் பிஷப். காரணம் அதன் நடை. வளைவுக்கு வந்தபோது மற்ற பத்து வண்டியும் கேட்டைத் தாண்டிவிட்டிருந்தன. ஹனோரா டூமி அவனுக்கு முன்னால் போனார், மூன்று கேனோடு. கேட்டைத் திறந்தே விட்டுவிட்டுப் போனார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவன் பிஷப்பைக் கேட் வழியாக நடத்தி, அந்தப் பக்கம் நிறுத்தினான். கயிறை வண்டியில் சுற்றிவிட்டுத் திரும்பி வந்தான். ஒரு வாரத்தில் இரண்டு தடவை கழற்றி மாட்டியதில் கேட் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. கொஞ்சம் தூக்கித்தான் சாத்த வேண்டியிருந்தது. தூக்கிச் சாத்தினான். கொக்கியை மாட்டினான். நாலடி நடந்து போனவன் நின்றான். முன்னால் போன வண்டிகள் எதுவும் தன்னைப் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, திரும்பி வந்து, கொக்கி சரியாக விழுந்திருக்கிறதா என்று ஒருமுறை இழுத்துப் பார்த்தான்.